அண்ணைக்கு விட்ட வழி

அருளம்பலம் எந்த வாசலையும் சட்டென்று கடப்பதில்லை. கூடத்துக்கும் குசினிக்கும் நடுவே உள்ள கதவடிக்கு வந்ததும் கால்கள் நின்றுவிடும். இரண்டு பாதங்களும் பளிங்குத் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல அப்படியே நிற்பார். சிறிது நேரம் கழித்து, யாரோ முன்னால் போய் முடிந்ததுபோலத் தலையை இலேசாகத் தாழ்த்திவிட்டு, அதன் பிறகே காலை எடுத்து வைப்பார்.

"கதவு நிலையிலை என்ன பூசையே நடக்குது? சோறு ஆறுது," என்பாள் மனைவி ஞானம்பிகை.

அண்ணன் கூட வரும்போது தம்பி முந்திக்கொண்டு வாசல் தாண்டுவது நல்ல குடும்பத்தில் நடக்கிற காரியம் அல்ல. அதை ஒருவருக்கு எடுத்துச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும் என்றால், சொல்லாமல் விடுவதே மேல்.

அண்ணை பரமலிங்கம் இறந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இத்தாலியின் தெற்கே, பலெர்மோவுக்கு அவர் வரத் தொடங்கியது இந்தப் பங்குனியில்தான். பல்லரோச் சந்தையின் கூச்சல் அடங்கி, தெரு முழுவதும் யன்னல் பலகைகளை மூடிக்கொண்டு படுத்துவிடும் மதிய வேளையில்தான் பெரும்பாலும் வருவார். இடது தோளுக்குப் பின்னால் கஞ்சி போட்டு விறைத்த காக்கித் துணி சரசரக்கும். பித்தளைப் பொத்தானை மினுக்கிய மருந்தின் வாசம் வரும். திரும்பினால் ஒருவரும் இல்லை. ஆனால் ஆள் நிற்கிற இடத்தில் காற்று சற்றுத் தடிப்பாக இருக்கும். அது அருளம்பலத்துக்குத் தெரியும். முகத்தை மட்டும் அவர் ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு கோடையில் ஞானம்பிகை வற்புறுத்திக் கூட்டிப்போனபோது, பெரியாஸ்பத்திரி வைத்தியர் அவருடைய வலது கையின் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்று பெயர் சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தார். அருளம்பலம் கையைப் பற்றி மட்டும் பேசினார். அண்ணையைப் பற்றிப் பேசவில்லை. கை அவருடையது. அண்ணை குடும்பத்துக்கு உரியவர்.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சட்டத்தரணியின் வீட்டில் வேலை செய்தவர் அருளம்பலம். குப்பை கொட்டக் கீழே இறங்குவதானாலும் மடிப்புக் கலையாத சேட்டோடுதான் இறங்குவார். ஒரே மகள் நிலக்ஷி இத்தாலியப் பொலிசில் சேர்ந்து, உடுப்போடு படம் எடுத்து அனுப்பியபோது, அதைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார். அவளை மிலானுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறாள்.

இப்போது லீவில் வந்திருந்தாள். காரணம் இருந்தது. இத்தாலியில் நூற்றுநாலாம் சட்டம் என்று ஒன்று உண்டு. தாயோ தகப்பனோ ஒருவர் துணையில்லாமல் வாழ முடியாத நோயாளி என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளை அவர்கள் இருக்கும் ஊருக்கு மாற்றம் கேட்கலாம். ஞானம்பிகை பின்னால் திரிந்து திரிந்து கணவரிடம் கையெழுத்து வாங்கி விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை குழுவின் முன் அவர் போய் நிற்க வேண்டும்.

"கையெழுத்து வைச்சிட்டன். ஆனா அங்கை போய் ஊனன் மாதிரி நடிக்க மாட்டன்," என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "தகப்பனுக்கு மூளையிலை வருத்தம் எண்டு ஊர் கதைக்கத் தொடங்கினா, பிள்ளையைக் கேட்டு ஆர் வருவினம்?"

புதன்கிழமை பின்னேரம் மேல்மாடி யாக்கோபு வந்தார். மன்னார்க்காரர், வாய் சும்மா இராது. சந்தை மூலையில் வாங்கிய கடலைமாப் பொரியலைக் கடதாசியோடு மேசையில் வைத்துவிட்டு நிலக்ஷியைப் பார்த்தார்.

"பிள்ளை, ரொறன்ரோவிலை என்ரை மருமோனும் பொலிஸ்தான். அவன் எடுக்கிற சம்பளத்தைச் சொன்னா உனக்குத் தலை சுத்தும். உன்னை மாதிரி மூண்டு பேரை வைச்சுச் சாப்பாடு போடலாம். ஏன் உனக்கு இவ்வளவு கொஞ்சம்? இத்தாலிக்காரன் உன்னைப் பேய்க்காட்டுறானோ?"

"அங்கை நகரசபை குடுக்குது மாமா," என்றாள் நிலக்ஷி. "வீட்டு வரி எடுத்துத் தங்கடை பொலிசுக்குத் தாங்களே குடுக்கினம். பக்கத்து ஊர் கூடக் குடுத்தா ஆள் அங்கை ஓடிப்போயிடும் எண்டு இவையும் கூட்டுவினம். இஞ்சை எல்லாம் றோமிலை இருந்து வருது. மிலானிலை நிண்டாலும் பலெர்மோவிலை நிண்டாலும் ஒரே சம்பளம்."

"அது நியாயந்தானே," என்றார் அருளம்பலம்.

"வீட்டுக்காரனும் ஒரே வாடகை கேட்டா நியாயம் அப்பா."

யாக்கோபு தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப மிலானிலை பொலிசுக்கு ஆள் எங்கையிருந்து பிடிக்கிறாங்கள்?"

"இஞ்சையிருந்துதான். என்ரை பிரிவிலை அரைவாசி சிசிலி. மிச்சம் நாப்போலி, பூலியா. மிலானிலை பிறந்த பிள்ளையள் ஏன் வரப்போகினம்? அவைக்கு வங்கி கிடக்கு, கொம்பனி கிடக்கு. தெற்கிலை வேலை இல்லை. அதாலை நாங்கள் எந்தக் காசுக்கும் போறம். போறதுக்கு ஆள் வரிசையிலை நிக்கேக்குள்ளை அரசாங்கம் ஏன் கூட்டிக் குடுக்கப்போகுது?"

"போன ஆக்கள் எல்லாம் திரும்பி வரவும் வரிசையிலை நிக்கிறியள்."

"ஓம். அந்த வரிசையிலை தலை நரைச்ச ஆக்களும் நிக்கினம்."

"பாத்தியளே அருளண்ணை, அதே சம்பளம் பல்லரோவிலை ராசா சம்பளம், மிலானிலை பிச்சைச் சம்பளம்."

"என்ரை பிள்ளை பிச்சை எடுக்கேல்லை," என்றார் அருளம்பலம்.

யாக்கோபு சிரிப்பை விழுங்கிக்கொண்டு பொரியலை அவர் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று. மழை வருவதாக இல்லை. ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சிறொக்கோக் காற்று இரண்டு நாளாக ஊரைச் சுட்டுக்கொண்டிருந்தது.

யாக்கோபு போன பிறகு தண்ணீர் குடிக்க எழுந்த அருளம்பலம், குசினிக் கதவடியில் நின்றுபோனார். உள்ளே தாயும் மகளும் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் வெட்டினார்கள். ஒட்டுக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கால் எழும்பியிருந்தால் இருமிக்கொண்டு உள்ளே போயிருப்பார். கால் எழும்பவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றாள் நிலக்ஷி.

"என்னடி?"

"அந்த அறை. மிலானிலை கடை வைச்சிருக்கிற றொஜர் அண்ணையின்ரை அறை. மற்ற இடத்திலை கேக்கிற காசிலை அரைவாசிக்குத்தான் தந்தவர். தமிழ்ப் பிள்ளை, பொலிஸ் பிள்ளை, எங்களுக்குப் பெருமை எண்டு சொல்லித் தந்தவர். கடையிலையிருந்து மரக்கறியும் குடுத்து விடுவார். வேண்டாம் எண்டா கோவிக்கிறார்."

"நல்ல மனுசன்."

"இப்ப ஒரு பேரைத் தந்திருக்கிறார். அந்த ஆளுக்கு மேலை கேஸ் ஏதும் கிடக்கோ எண்டு எங்கடை கொம்பியூட்டரிலை ஒருக்கால் பாத்துச் சொல்லட்டாம். பாத்தா வேலை போகும் அம்மா. மறியலுக்குள்ளையும் போடுவினம்."

கத்தி நின்றது. "பாத்தனியோ?"

"இல்லை," என்றாள் நிலக்ஷி. பிறகு, "இன்னும் இல்லை," என்றாள்.

அருளம்பலத்தின் தோளுக்குப் பின்னால் காக்கி சரசரத்தது. இந்த முறை அது நகர்ந்து அவரைக் கடந்து போகவில்லை. அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டு நின்றது.

அண்ணை முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றலாகி வந்த பொலிஸ்காரர். சம்பளத்தைக் கொழும்பு தீர்மானித்தது. முல்லைத்தீவில் தேங்காயும் மீனும் வாங்கி, வீட்டுக்கும் அனுப்பி, மிஞ்சிய அதே காசு பட்டினத்தில் பாதி மாதத்தோடு தீர்ந்தது. கடைத்தெருவில் ஒரு முதலாளி தன் மாடியறையைச் சும்மா கொடுத்தார். பொலிஸ்காரன் இருந்தால் கடைக்குப் பாதுகாப்பு என்று சொன்னாராம். அதற்குமேல் அந்த முதலாளி என்ன கேட்டார், அண்ணை என்ன செய்தார், எதைக் கண்டும் காணாமல் விட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒரு விடியற்காலையில் இயக்கத்தார் அண்ணையைச் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு கடதாசி மட்டை தொங்கியது. காட்டிக்கொடுத்தவன் என்று அதில் எழுதியிருந்தது.

அன்று பெற்ற அய்யாவே சொன்னார், இந்த வீட்டில் மூத்தவன் ஒருவன் இருந்தான் என்று இனிப் பேச்சில்லை என்று. அய்யாவின் சொல்லை ஒருவரும் மீறவில்லை. ஞானம்பிகைக்குக்கூடத் தெரிந்ததெல்லாம், கணவருக்கு ஒரு தமையன் இருந்து பிரச்சினைக் காலத்தில் செத்துப்போனார் என்பது மட்டும்தான். பொலிஸ் என்பது தெரியாது. மகளின் படத்தைச் சுவரில் மாட்டிய அன்று, ஆணி அடித்த கையோடு அருளம்பலம் சற்று நேரம் அங்கேயே நின்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கால் விடுபட்டதும் அவர் சத்தம் காட்டாமல் கூடத்துக்குத் திரும்பினார். பிள்ளை அங்கே நிற்கக்கூடாது. இந்த ஊருக்கு வந்துவிட்டால் அதே சம்பளம் அவளுக்குப் போதும். எவனுடைய அறையும் தேவையில்லை. அதற்கு இருக்கிற ஒரே வழி தன் உடம்பு. நடிக்க மாட்டேன், ஆனால் ஒன்றையும் மறைக்கவும் மாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கலியாண வீட்டுக்குப் போகிறவரைப்போல வெளிக்கிட்டார். சாம்பல்நிறக் கோட்டுச்சூட், கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. பொத்தான்களை ஞானம்பிகைதான் போட்டுவிட்டாள். விரல்கள் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கவில்லை.

"அப்பா, இந்தக் கோலத்திலை போனா உங்களையே டொக்ரர் எண்டு நினைப்பினம்," என்றாள் நிலக்ஷி. "பழைய சேட்டைப் போடுங்கோவன்."

"அரசாங்க அலுவலகத்துக்குப் போறம். பிச்சைக்கு இல்லை."

ஆஸ்பத்திரியில் குழு இருந்த அறையில் ஒரு நீள மேசை. பின்னால் மூன்று வைத்தியர்கள். நடுவில் இருந்த அம்மையார்தான் இத்தாலிய மொழியில் கேள்வி கேட்டார். வயதுபோன, களைத்த முகம். குரலில் மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் வினையாயிற்று. அவருடைய முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொண்டது.

"நீங்களே உடை மாற்றிக்கொள்கிறீர்களா, சிக்னோரே?"

"ஆம், டொத்தோரெஸ்ஸா."

"குளிப்பது?"

"தனியாகத்தான்."

"கடைக்குப் போவது?"

"ஒவ்வொரு நாளும்."

"விழுந்திருக்கிறீர்களா?"

மரியாதைக்காரன் விழுவதில்லை. "இல்லை."

பக்கத்தில் இருந்த நிலக்ஷி தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஆவணியில் குளியலறையில் விழுந்து அவருடைய புருவம் பிளந்தது அவளுக்குத் தெரியும். தகப்பனைச் சபை நடுவில் பொய்யர் ஆக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் சொல்லாமல் இருப்பது அருளம்பலத்துக்குப் பெருமையாகவும் இருந்தது. நெஞ்சுக்குள் எரியவும் செய்தது. நேற்று எடுத்த முடிவு எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அந்நியர் முன்னால் வளைந்து கொடுக்க அந்த உடம்பு பழகவே இல்லை.

"நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்," என்று அம்மையார் எழுதத் தொடங்கினார். "கடைசியாகக் கொஞ்சம் நடந்து காட்டுங்கள். அந்தக் கதவைத் தாண்டி வெளியே ஓரடி வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். போதும்."

அருளம்பலம் எழுந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக நடந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நிலையருகே வந்ததும் நின்றார்.

பின்னால் நாற்காலி தரையில் உரசும் ஒலி கேட்டது. யாரோ பேனாவை வைத்தார்கள்.

"சிக்னோரே? ஏன் நிற்கிறீர்கள்?"

"வழி விட்டிருக்கிறேன்."

"யாருக்கு?"

அவர் திரும்பவில்லை. திரும்புவது அவமரியாதை. "என் அண்ணனுக்கு. எங்கள் வீட்டில் மூத்தவர்தான் முன்னால் போவார்."

அம்மையார் மேசையைச் சுற்றி மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். "அவர் இப்போது எங்கே நிற்கிறார்?"

"இங்கே. இடது தோளுக்குப் பின்னால்."

"உயிரோடு இருக்கிறாரா?"

"இல்லை. சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது எனக்கு இருபது வயது."

"உங்களிடம் எப்போதிருந்து வருகிறார்?"

"பங்குனியிலிருந்து."

"பயப்பட வேண்டாம், சிக்னோர் அருளம்பலம்," என்றார் அம்மையார். "இந்த நோயில் இப்படி வருவதுண்டு. பலருக்கு வரும். இல்லாத ஒருவர் நிற்பதுபோல..."

அருளம்பலம் அப்போதுதான் திரும்பினார். கோபத்தில் வலது கை கட்டுக்கடங்காமல் ஆடிற்று. அதை மறைக்க அவர் மறந்துபோனார்.

"அவர் நோய் அல்ல, டொத்தோரெஸ்ஸா. பரமலிங்கம் என்பது அவர் பெயர். பொலிஸ் உத்தியோகத்தர். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறவர். நாற்பது வருடமாக அவரை இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்கள் குடும்பம் வாழ்ந்துவிட்டது. நீங்களும் சொல்லாதீர்கள்."

நிலக்ஷி எழுந்து நின்றாள். அம்மையார் அருளம்பலத்தின் ஆடும் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்து, நாற்காலிவரை கூட்டிவந்து இருத்தினார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு மறுபடி எழுதினார். நெடுநேரம் எழுதினார். இருவரும் எழுந்து புறப்படும்போது நிலக்ஷியிடம் தணிந்த குரலில், முடிவு தபாலில் வரும், ஆனால் தகப்பனைத் தனியே விடக்கூடாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றார். குளிசையையும் மாற்ற வேண்டும் என்றார். சரியான குளிசை கொடுத்தால் அந்த ஆள் வருவது குறையும்.

அது அருளம்பலத்தின் காதில் விழுந்தது. அரசாங்க மேசையில், அந்நியர் முன்னால், அண்ணையின் பெயரை உரக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முற்றத்தில் பெரிய ஆல்போன்ற மரம் ஒன்று நின்றது. அதன் கீழ் வாங்கிலில் இருவரும் இருந்தார்கள். சிறொக்கோ தூசியைக் கிளப்பி ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் மஞ்சளாக்கியிருந்தது.

"எனக்கு ஒரு பெரியப்பா பொலிசிலை இருந்தவரே," என்றாள் நிலக்ஷி.

"ஓம்."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"உன்ரை அப்பப்பா சொல்லக்கூடாது எண்டவர்."

அவள் அவருடைய கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டாள். "மாற்றம் கிடைக்கும்போலை கிடக்கு அப்பா. கடுதாசி வந்து, றோமிலை கையெழுத்து வைச்சு, மூண்டு நாலு மாசம் எடுக்கும். அது வரும் மட்டும் நான் அந்த அறையிலை இருந்து சமாளிப்பன். பிறகு இஞ்சை வந்திடுவன்."

"றொஜரின்ரை அறையிலையோ?"

நிலக்ஷி திடுக்கிட்டுப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை; தன் முழங்காலில் துடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணையும் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போக மாற்றம் கேட்டு எழுதினவர், பிள்ளை. கிடைக்கும் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. வரும் மட்டும் எண்டுதான் அந்த மாடியறையிலை இருந்தவர்."

"என்ன மாடியறை?"

அவர் சொன்னார். கடையும் முதலாளியும் சும்மா கிடைத்த அறையும். மின்கம்பத்தையும் சொன்னார். மட்டையில் எழுதியிருந்ததை அவர் வாயால் சொல்லவில்லை. கழுத்தில் ஏதோ எழுதிக் கட்டியிருந்தார்கள் என்று மட்டும் சொன்னார். பொலிஸ்காரிக்கு அது போதும்.

"உண்மையிலை காட்டிக் குடுத்தவரே அப்பா?"

"தெரியாது," என்றார் அருளம்பலம். "சும்மா கிடைச்ச அறையிலை இருந்தவன் எண்டபடியால், இல்லை எண்டு சொல்ல எங்களிட்டை ஒண்டும் இல்லாமல் போச்சு."

நிலக்ஷி கைத்தொலைபேசியை எடுத்தாள். சற்று நேரம் அதைக் கையில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"றொஜர் அண்ணை, நிலக்ஷி கதைக்கிறன். ஓம், பலெர்மோவிலைதான். நான் அறையை விடப்போறன் அண்ணை. இந்தக் கிழமையே. இல்லை, பொலிஸ் முகாமிலை கட்டில் கேக்கப்போறன். ஆறு பேர் படுக்கிற அறைதான். பரவாயில்லை. இல்லை அண்ணை, ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

மறுமுனையில் குரல் நீண்டது. சிரிப்பு வந்தது, சிரிப்பு தேய்ந்தது.

அருளம்பலம் நிமிர்ந்து பார்த்தார். வாங்கிலுக்கு முன்னால், வெய்யில் தூசிக்குள் அண்ணை நின்றார். பின்னால் அல்ல, முன்னால். முகம் தெரிந்தது. அரும்பு மீசை. சவரம் செய்து காய்ந்த கன்னம். நிலக்ஷியின் வயதுகூட இல்லாத ஒரு பெடியன் அது. அருளம்பலத்தை அவர் பார்க்கவே இல்லை. தொலைபேசியைப் பிடித்திருந்த பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்த சொல் என்ன வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்து நின்றார்.

"அந்தப் பேரை நான் பாக்க மாட்டன் அண்ணை," என்றாள் நிலக்ஷி. "இப்பவும் இல்லை, பிறகும் இல்லை. கோவிக்காதேங்கோ."

அவள் தொலைபேசியை மடியில் வைத்தாள்.

அண்ணை போகவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.